படிவத்தின் நாலாவது வரி

வெள்ளவத்தை,
03.09.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

துளசிகா எழுதுகிறேன். நானும் தங்கச்சி ஆரணியும் அப்பாவும் சுகம். நீங்களும் சின்னம்மா வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையை மூடியபின் உங்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தொலைபேசி இரண்டு தரம் அடித்துவிட்டு அறுந்துபோகிறது.

தாத்தாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வந்துவிடுவேன் என்றீர்கள். அந்தியேட்டிக்கு முதல் நாள் பாதையை மூடிவிட்டார்கள். ஆரணி தன் விரலால் நாள் எண்ணினாள். இப்போது விரல் போதவில்லை என்று என் விரலையும் கேட்கிறாள்.

நீங்கள் பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு எழுதவேண்டாம். என்னோடு படிக்கும் ஷபீகாவின் வாப்பா ஸாலிஹ் நானாவின் போட்டோகொப்பி கடை விலாசத்தை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். பாதை திறக்கும்வரை கடிதம் ஒன்றும் வேண்டாம், யாழ்ப்பாணத்துக் கடிதம் வருகிற வீடு என்று பெயர் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். மேல்மாடி வீட்டில் இருந்த அண்ணாவை யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அவருக்குப் பயம். எனக்கும்தான். அதனால் எல்லோரும் படுத்தபின் குசினியில் இருந்து எழுதுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டில் இருக்கும் ஆட்களின் பெயர் எழுதிக் கொடுக்கும் பொலிஸ் பதிவைப் புதிதாகக் கேட்டார்கள். சிங்களத்தில் என் எழுத்துத்தான் வடிவு என்று அப்பா என்னையே நிரப்பச் சொன்னார். நிரப்பிக் கொடுத்தோம்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
துளசிகா


கொக்குவில்,
29.09.2006

அன்பு மகள் துளசிகாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கு நாங்கள் சுகம். உன்னதும் ஆரணியினதும் அப்பாவினதும் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். உன் கடிதம் இருபத்தாறு நாளில் கிடைத்தது. நாலு பேர் கையில் கொடுத்து வாசிக்கவைத்தேன்.

ஆரணிக்கு இருமல் எப்படி? தலை துவைத்துவிட்டால் பின்னேரத்துக்குள் காயவேண்டும். ஈரத்தோடு படுக்கவிடாதே. உனக்கு வயிற்றுக்குத்து வந்தால் சீரகத் தண்ணீர் குடி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்காதே.

கப்பலில் திருகோணமலை வந்து அங்கிருந்து கொழும்புக்கு வரலாம். அதற்கு அனுமதி எடுக்கவேண்டும். மூன்று நாள் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கொழும்பில் எனக்கு வீடு இருக்கிறது என்று காட்டப் பொலிஸ் பதிவின் பிரதி ஒன்று வேண்டுமாம். நீ நிரப்பியது என்று எழுதியிருக்கிறாய், நல்லதாய்ப் போயிற்று. அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டாவதாக என் பெயர் இருக்கும். அதில் ஒரு போட்டோகொப்பி எடுத்து உடனே அனுப்பு.

அப்பாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வேலை அதிகமாக்கும்.

உன் அன்பு அம்மா,
கனகேஸ்வரி


வெள்ளவத்தை,
23.10.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். ஆரணிக்கு இருமல் மாறிவிட்டது. உங்கள் சுகம் அறிய ஆவல்.

படிவத்தின் பிரதி அப்பாவின் அலுமாரியில் இருக்கிறது. திறப்பு அவரிடம். கேட்க நல்ல நேரம் பார்க்கிறேன். தவணைப் பரீட்சையும் வருகிறது, அதனால்தான் சுணக்கம்.

தம்பிக்குச் சமைக்க ஆள் இல்லை என்று சிவமணி மாமி ஹெந்தளையிலிருந்து காலையில் வந்து சமைத்துவிட்டுப் பின்னேரம் போகிறார். வரும்போதே வாசலில் தொடங்கிவிடுவார். "கொம்மா அங்க மகாராணி மாதிரி இருக்கிறா, நான் ரெண்டு பஸ் மாறி வந்து அவவின்ர சட்டி கழுவுறன்" என்பார். ஆரணி, "மாமி, மகாராணிக்கு நிறையச் சட்டி இருக்குமே?" என்று கேட்டாள். மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா, ஒன்று கேட்கலாமா? போகும்போது அப்பாவோடு கோபித்துக்கொண்டா போனீர்கள்?

உங்கள் அன்பு மகள்,
துளசிகா


கொக்குவில்,
19.11.2006

அன்பு மகளுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். மழை தொடங்கிவிட்டது, குடையை மறக்காதே.

நீ கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். இங்கே என் சீதனக் காணியை விற்ற காசில்தான் வெள்ளவத்தை வீடு வாங்கினோம். உறுதிப் பத்திரத்தை அப்பா தன் பெயரில் எழுதுவித்தார். என் பெயரையும் போடுங்கள் என்று ஏழு வருடமாகக் கேட்கிறேன். அன்றும் அதுதான் சண்டை. கோபம் இருந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு வரவில்லை. செத்த வீட்டுக்கு வந்தேன். ஆரணியின் புதுச் சப்பாத்துக்குக் கடையில் அரைவாசிக் காசு கட்டிவிட்டு வந்தவள் நான். திரும்பி வராதவள் அப்படிச் செய்வாளா?

இதை உன்னிடம் கேட்டது யார்? ஏன் கேட்டாய்?

பிரதியை இன்னும் காணவில்லை. அனுமதி கொடுக்கும் கந்தோரில் ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் கேட்கிறார்கள். என் விண்ணப்பம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அப்பாவிடம் கேட்கப் பயமாக இருந்தால் மாமியிடம் கேள்.

உன் அன்பு அம்மா


வெள்ளவத்தை,
17.12.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். இதை வாசித்தபின் நீங்கள் சுகமாக இருப்பீர்களோ தெரியாது. ஆனால் இனியும் மறைக்க என்னால் முடியாது.

படிவத்தில் உங்கள் பெயர் இல்லை. நான்தான் எழுதவில்லை.

அப்பாவின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, "அடுத்தது அம்மாவை எழுதட்டோ அப்பா?" என்று கேட்டேன். அவர் எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "இரவில இஞ்ச படுக்கிற ஆக்களை மட்டும் எழுது பிள்ளை. ஆள் எங்க எண்டு கேட்டால் யாழ்ப்பாணம் எண்டு சொல்லவேணும். பிறகு எனக்குத்தான் வில்லங்கம். வந்தாப்பிறகு சேர்ப்பம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டாவதாக என்னையும் மூன்றாவதாக ஆரணியையும் எழுதினேன். நாலாவது வரி வெறுமையாக இருந்தது. அப்பா கையெழுத்து வைத்தார். பொலிஸ் முத்திரை குத்தினார்கள்.

இப்போது அந்தப் படிவம் சட்டத்தரணி கனகசபாபதியிடம் இருக்கிறது. அப்பா புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். நீங்கள் வேண்டுமென்றே எங்களைக் கைவிட்டுப் போய்விட்டீர்கள் என்று வழக்கு. அதற்கு அத்தாட்சி நான் எழுதிய படிவம். நீங்கள் இருக்கும் இடம் தெரியாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் நீதிமன்ற அறிவித்தலை எங்கள் வீட்டுக் கதவிலேயே ஒட்டினார்கள். ஒட்டவந்தவரிடம் ஆரணி, "அங்கிள், ஸ்டிக்கரா?" என்று கேட்டாள். அவர் போனபின் அதன் மூலையில் பூ ஒன்று கீறிவிட்டாள். நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். அறிவித்தலின் பிரதி இதற்குள் இருக்கிறது. திகதியைப் பாருங்கள். பெப்ரவரி 20. நீங்கள் வராவிட்டால் வராமலே தீர்த்துவிடுவார்கள்.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "கனடாவில பெரியப்பா எங்களைக் கூப்பிடுறார். கொம்மா கையெழுத்து வைக்காமல் உங்களைக் கொண்டுபோகேலாது. அவவிட்டக் கேட்டால் முதல் வீட்டு உறுதியை மாத்து எண்டுவா. இந்த ஊரில ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் பாதை திறக்குமட்டும் இருக்கேலாது. இது வெறும் பேப்பர் பிள்ளை. போனாப்பிறகு அவவையும் எடுப்பம்" என்றார். நம்புவதா என்று தெரியவில்லை. மாமியிடம் அவர் வேறு மாதிரிக் கதைக்கிறார்.

வழக்கில் பிள்ளைகளை வைத்திருக்கும் கட்டுக்காவலும் வீடும் அப்பாவுக்கு என்று கேட்டிருக்கிறார்கள். வீடு போகட்டும் அம்மா. எங்களை விடாதீர்கள். அந்தத் திகதிக்கு எப்படியாவது வாருங்கள்.

உங்கள் மகள்,
துளசிகா


வெள்ளவத்தை,
08.01.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. "கடிதம் வந்ததா நானா?" என்று ஸாலிஹ் நானாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது. "கடல் கொந்தளிப்பா ஈக்காம் மகள். அரிசி சீனியே போகல்ல, காயிதம் எங்க போற?" என்கிறார்.

ஆனால் உங்களுக்குத் தேவையானது இதோ இருக்கிறது.

சட்டத்தரணி பிரதி எடுத்துக்கொண்டு படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா குளிக்கும்போது அவரின் திறப்பால் அலுமாரியைத் திறந்து எடுத்தேன். ஸாலிஹ் நானாவின் கடையில் ஒரு பிரதி அடித்தேன். அந்தப் பிரதியின் நாலாவது வரியில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதே எழுத்தில் எழுதினேன். பிறகு அதை இன்னொரு பிரதி அடித்தேன். இப்போது வித்தியாசம் தெரியவில்லை. முத்திரையும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். அப்பாவின் படிவத்தில் நான் கைவைக்கவில்லை. அதை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

நானா இரண்டாவது பிரதியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இது என்ன மகள் வேலை?" என்றார்.

"அம்மா வாறதுக்கு நானா."

"பொலிஸ் சீல் ஈக்கிற பேப்பர். விளங்குதா? புள்ள வெளையாட்டு இல்ல."

நான் அழுதுவிட்டேன். அவர் பிரதியை உறையில் போட்டுத் தந்தார். "நான் ஒண்டும் பாக்கல்ல. என்ட மிசின் பாத்திச்சு, அவ்வளவுதான்" என்றார். காசு வாங்கவில்லை.

இதைக் கொடுத்தால் உங்களைக் கப்பலில் ஏற்றுவார்கள். பெப்ரவரி 20 இன்னும் ஆறு கிழமை. நான் நாள்காட்டியில் ஒன்றும் அடையாளம் போடவில்லை, மாமி பார்ப்பார். மனதில் எண்ணுகிறேன்.

உங்கள் மகள்,
துளசிகா


கொக்குவில்,
03.02.2007

அன்பு மகளுக்கு,

சுகம். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக ஜனவரி 27ஆம் திகதி கிடைத்தன. நீ அனுப்பியதும் கிடைத்தது.

கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நோயாளிகளுக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் கொடுக்கிறார்களாம். 20ஆம் திகதிக்கு நான் வரமாட்டேன். நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். வீட்டை அவர் வைத்துக்கொள்ளட்டும், தாபரிப்புக் காசும் வேண்டாம், பிள்ளைகளின் பொறுப்பை மட்டும் நான் வரும்வரை தீர்க்காமல் வையுங்கள் என்று எழுதினேன். அது நேரத்துக்குப் போய்ச் சேருமோ தெரியாது.

நீதிபதி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் கேட்டதற்கு உண்மையைச் சொல். எனக்காக ஒன்றையும் மாற்றிச் சொல்லாதே. பொலிஸ் கடதாசி எதிலும் இனி ஒரு எழுத்தும் எழுதாதே. இது என் மேல் சத்தியம். நீ ஆவணியில் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் இருந்தவர்களை எழுதினாய்.

ஆரணிக்கு ஒரு பக்கமே பல் தேய்க்கும் பழக்கம். பார்த்துக்கொள்.

உன் அன்பு அம்மா


வெள்ளவத்தை,
04.03.2007

அம்மாவுக்கு,

நாங்கள் சுகம்.

உங்கள் கடிதம் வழக்குக்கு மூன்று நாள் முன்பு வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

புதுக்கடையில் காலை எட்டரையிலிருந்து வாங்கில் குந்தியிருந்தோம். ஆரணிக்குப் பசி. கனகசபாபதி அங்கிள் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். கதவு திறக்கும்போதெல்லாம் நான் பார்த்தேன். உங்கள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஒருவர் வராந்தாவுக்கு வந்து பிழையான உச்சரிப்பில் கூப்பிட்டார். ஆரணி "அம்மா வந்திட்டாவா?" என்று எழும்பி நின்றாள்.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வந்திருக்காது.

பிறகு நீதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல அம்மா அவர். நான் சிங்களம் பேசுவேன் என்றதும் மொழிபெயர்ப்பாளரை வெளியே போகச் சொல்லிவிட்டுப் படிவத்தைக் காட்டினார்.

"இதை எழுதியது யார் மகள்?"

"நான்தான்."

"மிக அழகான எழுத்து. எழுதியபோது அம்மா வீட்டில் இருந்தாரா?"

"இல்லை."

"இப்போது?"

"இல்லை."

"அப்பா உங்களை நன்றாகப் பார்க்கிறாரா?"

"ஓம்."

எல்லாம் உண்மை. பாதையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா யாழ்ப்பாணத்தில்" என்றேன். "உன் அப்பா விலாசம் தெரியாது என்கிறாரே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னால் ஸாலிஹ் நானாவைக் கேட்பார்கள். நானாவைக் கேட்டால் அந்தப் பிரதியும் வரும். "நினைக்கிறேன்" என்றேன். அவர் என் தலையைத் தடவி அனுப்பினார்.

கட்டுக்காவல் அப்பாவுக்கு. வீடு அப்பாவுக்கு. தாபரிப்புக் கேட்க ஆள் இல்லாததால் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்குள் நீங்கள் வந்து கேட்காவிட்டால் தீர்ப்பு முற்றாகிவிடுமாம்.

படியால் இறங்கும்போது அப்பா, "வர விருப்பம் இருந்தால் எப்பிடியும் வந்திருப்பா" என்றார். நான் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டேன். எங்கள் வகுப்பு யாழினியின் அம்மா அதே கிழமை கப்பலில் வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு நோயும் இல்லை, பரீட்சையும் இல்லை. நான் அந்தக் கடதாசியை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதினேன் அம்மா. நீங்கள் உண்மையாகவே அதைக் கொடுத்துக் கேட்டீர்களா?

ஆரணி இப்போது உங்களைக் கேட்பதில்லை.

துளசிகா


கொக்குவில்,
02.04.2007

அன்பான பெறாமகள் துளசிகாவுக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். உன்னதும் ஆரணியினதும் சுகத்தை நாடோறும் நினைக்கிறோம். உன் கடிதத்தை அக்கா வாசித்துவிட்டு மடித்துச் சேலைக்குள் வைத்தா. மூன்று நாளாகச் சோறு எடுக்கவில்லை. பதில் எழுதக் குந்துவா, பிறகு எழும்பிவிடுவா. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறா. நான் அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். நீ அவவைப் பிழையாக நினைத்துக்கொண்டு வெளிநாடு போய்விடக்கூடாது.

அக்காவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. பிரதி வந்துவிட்டது என்று கந்தோரில் சொன்னதும் ஜனவரி முப்பதாம் திகதி பட்டியலில் பெயர் வந்தது. பதிவுப் பிரதியை மட்டும் காட்டவேண்டும். முதல் நாளே பையைக் கட்டிவிட்டா. ஆரணிக்குப் பனங்கட்டி, உனக்கு எள்ளுருண்டை. விடிய ஐந்து மணிக்கு நானும் கூடப் போய் வரிசையில் நின்றேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற மனுசியின் பிரதியைப் பார்த்துக்கொண்டே மேசையில் இருந்த அதிகாரி கொழும்புப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். ஒரு பெயர் ஒத்துவரவில்லை. "அந்த வீட்டுக்குப் போய் இதை எழுதினது ஆரெண்டு பாக்கச் சொல்லு" என்றார். அந்த மனுசி அழுத அழுகை இன்னும் காதில் கிடக்கிறது.

அக்கா என் கையைப் பிடித்தா. "வா, போவம்" என்றா. "என்னக்கா, அடுத்தது நீதானே?" என்றேன். "இது பிள்ளையின்ர எழுத்து" என்றா. அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் பிரதியைக் கிழித்துக் கிணற்றடி அடுப்பில் போட்டா. பிரதி காட்டாததால் பட்டியலில் பெயரை வெட்டிவிட்டார்கள். எள்ளுருண்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

நான் எழுதியது அவவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் உன் மனம் நோகும் என்று அதற்கும் அழுவா. இதை வாசித்ததும் கிழித்துவிடு.

உன் சின்னம்மா


ஹெந்தளை,
27.05.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

துளசிகா எழுதுவது. நானும் ஆரணியும் அப்பாவும் மாமியும் இறைவன் அருளால் நல்ல சுகம். நீங்களும் சின்னம்மா குடும்பமும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்.

தீர்ப்பு முற்றாகிவிட்டது. இனி உங்களுக்கு எழுதலாம் என்று அப்பா சொன்னார். சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருக்கிறார். வாசித்துவிட்டுத் தானே தபாலில் சேர்ப்பார்.

வெள்ளவத்தை வீட்டை விற்றாயிற்று. நாங்கள் மாமியுடன் இருக்கிறோம். இங்கிருந்து பள்ளிக்கூடம் தூரம் என்பதால் இந்தத் தவணையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். கனடாவுக்குப் போகும் அலுவல்கள் ஆவணிக்குள் முடியுமாம். கடவுச்சீட்டு எடுக்க உங்கள் கையெழுத்துத் தேவைப்படவில்லை. படத்தில் ஆரணி சிரித்துவிட்டாள், அதனால் இரண்டாம் முறை எடுத்தார்கள். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

போனபின் விலாசம் அனுப்பலாம் என்று அப்பா சொல்கிறார்.

முந்தி ஒருநாள் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் எழுதவேண்டாம். கப்பலில் அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஆரணிக்குச் சொன்னேன். அவள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறாள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

சாப்பிடுங்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்,
ஸ்ரீ. துளசிகா